வடிவு கொடுத்த ஞானஸ்நானம்

ஐயம்பேட்டையில் மழை வந்தால் முதலில் தெரிந்துகொள்வது தறிக்குழிதான். கூரை ஒழுகுவதற்கு முன்பே குழிக்குள் ஈரம் ஊறி வந்துவிடும். காலை உள்ளே விட்டு மிதிக்கிறவனுக்குப் பாதம் சில்லிடும், அப்புறம் கணுக்கால் நனையும். அதற்கும் மேலே வந்தால் தறியை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற வேண்டியதுதான். பட்டு ஈரக்காற்றில் நமுத்து, இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அறுந்து உயிரை வாங்கும். அந்த வருஷம் ஐப்பசி முழுக்க அப்படித்தான் போனது. அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. ஊரே கோதுமை ரவையைக் கிளறித் தின்றுவிட்டு, சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

வேதக்கோயிலை ஒட்டிய தெருவில் கடைசி வீடு தர்மனுடையது. அவன் அப்பா காலத்தில் அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள். அப்பா வேதத்துக்கு வந்தார், மகன் தறிக்கு வந்தான். அவன் நெய்தது கோர்வைச் சேலை. குறுக்கிழையைச் சுமந்து ஓடுகிற நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவனால் ஆகாத வேலை. தர்மன் குழியில் உட்கார்ந்து மிதிப்பான். அவன் மனைவி வடிவு இடது ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுப்பாள். ஒருவர் கை தாமதித்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பேசாமல் நாள் முழுக்க ஓட்டலாம், கோபத்தோடு அரை நாள்கூட ஓட்ட முடியாது என்பார்கள் தறிக்காரர்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கோபத்தோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைப்பழக்கத்தை மெச்சத்தான் வேண்டும்.

அந்தத் தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சாராயம், மாமியார், அடுப்பில் தீய்ந்த குழம்பு என்று எதுவாவது இருக்கும். இந்த வீட்டில் மட்டும் கடவுள் ஒருவரா மூவரா என்று சண்டை. கேள்விப்பட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சண்டை எங்கே பிறந்தது என்று தெரிந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

அவர்களுக்குக் கிருபை என்று ஒரு பெண் இருந்தது. நடக்கப் பழகி, பேசப் பழகி, நாடாவை ஒளித்துவைத்து அப்பனைத் தேடவிடும் வயதில் அம்மை அதை வாரிக்கொண்டு போய்விட்டது. தர்மன் முழங்காலில் நின்று கெஞ்சினான். கேட்ட வரம் கிடைக்கவில்லை. பெண்ணை வேதக்கோயில் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தவன், வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதுவும் ஒரு மழைக்காலம், தறி ஓடவில்லை. ஆறுதலுக்காகத்தான் படித்தான். படித்துக்கொண்டே போனவன் ஒரு நாள் வடிவைக் கூப்பிட்டான்.

"இங்க வா வடிவு. இதக் கேளு. தோட்டத்துல முட்டி போட்டு அழுவுறாரு ஏசப்பா. வேர்வை ரத்தமா கொட்டுது. இந்தக் கஷ்டத்த எங்கிட்டேர்ந்து எடுத்துடுன்னு கேக்கறாரு. அவரே தேவன்னா யாராண்ட கேட்டாரு? தனக்குத்தானே கேட்டுக்கினாரா? அப்போ அது கூத்துல அழுவுற அழுவை ஆயிடுது."

"இன்னாயா பேசற நீ?"

"கூத்து இல்ல வடிவு. நெசமாத்தான் அழுதாரு. நம்மள மாதிரிதான் கேட்டாரு. குடுக்கல. சொந்தப் புள்ளைக்கே குடுக்கல. கேட்டுக் கெடைக்காதவருக்குத்தான் கேட்டவன் கஷ்டம் தெரியும். அதான் எனக்கு இப்போ தெம்பா இருக்குது."

வடிவுக்குத் தெம்பாக இல்லை. அவள், பாதிரி ஐயருக்குக் கீழே சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சாந்தப்பனின் அண்ணன் மகள், வேதக்கோயில் மணிச்சத்தத்தில் வளர்ந்தவள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று நெற்றியில் தண்ணீர் விழுந்துதான் அவளும் அவள் பெண்ணும் சபைக்குள் வந்தார்கள்.

விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. அந்தச் சபையில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் விசுவாசப் பிரமாணத்தை ஒருவர் முன்னால் நின்று துண்டு துண்டாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வெண்கலக் குரல் என்பதால் வருஷக்கணக்காக அதைச் சொல்லிவந்தது தர்மன்தான். ஒரு ஞாயிறு, குமாரனும் பிதாவோடு சமமான தேவன் என்று வரும் இடத்தில் நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தியதும் சபையும் நின்றது. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் வாயைத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து தன் பாயில் உட்கார்ந்தான். அடுத்த வாரத்திலிருந்து கோயிலுக்கே போகவில்லை.

அதற்கப்புறம்தான் பையன் பிறந்தான். கேட்டு வாங்கிய பிள்ளை என்று சாமுவேல் என்று பேர் வைத்தார்கள். வீட்டில் சாமு. பிறந்த உடனேயே ஞானஸ்நானப் பேச்சு வந்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு உபதேசியார் நடையாய் நடந்தார். நல்ல மனுஷன். துண்டுக்குள் பால்மாவை மறைத்துக் கொண்டுவந்து வடிவிடம் கொடுத்துவிட்டு, தறிக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"மாப்ளே, மேல போவசொல்ல ஆண்டவரே சொன்ன வார்த்தை அது. பிதா, குமாரன், ஆவி பேர்ல குடுங்கன்னு. நானா கண்டுபிடிச்சேன்?"

தர்மன் மிதிப்பதை நிறுத்தாமல் சொன்னான். "மூணு பேர சொன்னாரு மாமா, இல்லங்கல. மூணும் சேந்து ஒரே தேவன்னு சொன்னாரா? அத காதால கேட்டவங்க பேதுருவும் மத்தவங்களும். அவங்க போயி எந்தப் பேர்ல குடுத்தாங்க? ஏசு பேர்ல. மூணு பேர சொல்லிக் குடுத்தாங்கன்னு வேதத்துல, அப்போஸ்தலர் நடபடிகள்ல ஒரு எடம் காட்டுங்க. இப்பவே புள்ளையத் தூக்கினு வரேன்."

"நானும் பிதாவும் ஒண்ணுன்னு சொன்னாரே?"

"சொன்னாரு. அதே வாயால, இவங்களும் நம்மள மாதிரி ஒண்ணா இருக்கட்டும்னு சீஷங்களுக்காக வேண்டிக்கினாரு. அப்போ சீஷங்களும் தேவனா? கடைசி நாளு பிதாவுக்குத்தான் தெரியும், எனக்கே தெரியாதுன்றாரு. தேவனுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு உண்டா மாமா? பிதா என்னியவிடப் பெரியவருன்றாரு. அப்பால சமம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஆதியில இருந்த வார்த்தை தேவனா இருந்துச்சுன்னு எழுதியிருக்குதே. அத இன்னா பண்ணுவ?"

தர்மனின் கை ஒரு கணம் நின்றது. "அது ஒண்ணு இடிச்சிக்கினுதான் இருக்குது மாமா. ரோசனை பண்ணிக்கினு இருக்கறேன்."

உபதேசியார் அந்த இடைவெளியில் புகுந்துவிடப் பார்த்தார். தறியைக் காட்டினார். "தோ பாரு. மூணு நாடா ஓடுது. சேலை ஒண்ணுதானே? உன் கையிலயே வெச்சிக்கினு வெளிய தேடறியே."

"நானே கோயில்ல பசங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தேன் மாமா. ஆனா ஒரு நாடா இன்னொரு நாடாவப் பாத்து, சிலுவையில அவரு கத்தின மாதிரி, என்ன ஏன் கைவுட்டேன்னு கத்தாது."

உபதேசியார் வாசலைப் பார்த்தார். வெளியே மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்குப் பதிலு தெரியலப்பா" என்றார் கடைசியில். "எனக்குப் பதிலு தெரியாததெல்லாம் பொய்யினு சொல்ற தைரியம் எனக்கில்ல. ஐயரு ஒத்துக்க மாட்டாரு, சபையும் ஒத்துக்காது. அதான் எனக்குத் தெரிஞ்சது. புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்க வெப்ப, சொல்லு?"

அது பயமுறுத்தல் இல்லை. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கொடுக்காப்புளி வேலி இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் வேலிக்கு உள்ளே. பெறாத குழந்தைகளும் தூக்கு மாட்டிக்கொண்டவர்களும் வேலிக்கு வெளியே, ஏரிப் பக்கத்துப் பள்ளத்தில். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். ஐயர் மாறினாலும் அந்த வழக்கத்தை யாரும் மாற்றவில்லை.

அதுவரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த வடிவு அப்போது வாயைத் திறந்தாள். "மூணு பேரு பொய்யின்னா, கிருபை மூணு பேர்லதானே போச்சு? எம்பொண்ணு இப்போ எங்கயா இருக்குது? அத மட்டும் சொல்லு, போதும்."

தர்மன் மிதித்தான். நாடாவை அவள் பக்கம் விட்டான். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் சாமுவுக்குச் சளி கட்டியது. பக்கத்து வீட்டு அலமு கற்பூரவல்லியை வாட்டிப் பிழிந்து கொண்டுவந்தாள். தெலுங்கு பேசுகிற தறிக்கார வீட்டுப் பெண், பிள்ளை பெறாதவள். சாமுவை நைனா நைனா என்று கொஞ்சி, பாதி நாள் தன் இடுப்பில்தான் வைத்திருப்பாள். சாறு இறங்கியது, சளி இறங்கவில்லை. மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. மத்தியானத்துக்கு மேல் விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி மூச்சு எழுந்தது.

"காஞ்சிபுரம் இட்டுனு பூடலாம், கெளம்பு" என்றாள் வடிவு.

"பஸ்ஸு வரலியே. ரோட்டு மேல தண்ணி போவுதாம்."

"எதையாவது இஸ்துக்கினு வாயா. பாத்துக்கினு நிக்காத."

அரிசி மில்லில் ஒரு கூண்டுவண்டி இருந்தது. தர்மன் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், உபதேசியார் சொன்னால் கொடுப்பார்கள். ஒரு வருஷமாக மிதிக்காத உபதேசியார் வாசலுக்குத் தர்மன் மழையில் ஓடினான். அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் மில்லுக்கு ஓடி, வண்டிக்காரனைத் தேடிப் பிடித்து, மாடு பூட்டி, சேற்றில் சக்கரம் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குள் இங்கே சாமுவின் உதடு நீலம் பூத்துவிட்டது. அலமு சூடம் கரைத்த எண்ணெயைப் பாதத்தில் தேய்த்தபடி அழுதாள். வடிவு அழவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அலமு, அந்தச் சொம்புத் தண்ணிய எடு" என்றாள்.

அலமு சொம்பை நீட்டினாள். சாகும் தறுவாயில் ஐயர் இல்லாவிட்டால் சபையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வடிவுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். சித்தப்பாதான் சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்று பெயரும் நாக்கு நுனியில் இருந்தன. தண்ணீரில் கையை வைத்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மூச்சுக்கு அது படுகிற பாட்டைப் பார்த்தபோது, தோட்டத்தில் முழங்காலில் நின்றவரின் ஞாபகம் வந்தது. புருஷன் ஒரு வருஷமாக அவள் காதில் ஓதிக்கொண்டிருந்தது அந்த ஒருவரைத்தானே. கேட்டுக் கிடைக்காதவர். எடுத்துவிடு என்று அழுதவர். அவர் கையில் கொடுத்தால் அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்தேதான் சொன்னாள்.

"சாமுவேலு, உனக்கு ஏசு பேர்ல குடுக்கறேன். ஏசு பேர்ல மட்டும்."

சொல்லி, நெற்றியில் தண்ணீர் விட்டாள். கொஞ்ச நேரத்தில் விலா அடங்கியது. வண்டி வந்து வாசலில் நின்றபோது, பிள்ளையின் நெற்றியில் ஈரம் காய்ந்திருக்கவில்லை.

தர்மன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உபதேசியார் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் காலைத் தொட்டார். ஈர நெற்றியையும் சொம்பையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"குடுத்தியாம்மா? மூச்சு இருக்கசொல்லவே குடுத்தியா?"

வடிவு தலையை ஆட்டினாள்.

"நல்ல காரியம் பண்ண. எந்த வார்த்தை சொல்லிம்மா குடுத்த? ஐயரு கேப்பாரு. நான் பதிலு சொல்லணும். மூணு பேரும் சொன்னியா? கேட்டவங்க சபையில யாருனா இருக்கணும்."

அலமு பதறிப்போய், "எனக்கு உங்க மந்திரம்லாம் தெரியாதுங்க" என்றாள்.

வடிவு மெதுவாக நிமிர்ந்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தர்மன் முந்திக்கொண்டான்.

"சொன்னா மாமா. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரும் சொன்னா. நான் வாசல்ல நின்னு கேட்டேன்."

வண்டியைத் தோளால் தள்ளிக்கொண்டு உபதேசியாரோடு வந்தவன் வாசலில் நின்று எதைக் கேட்டிருக்க முடியும்? உபதேசியாரின் வேட்டியிலும் தர்மனின் வேட்டியிலும் ஒரே சேறுதான் அப்பியிருந்தது. அலமு ஒரு முறை வடிவைப் பார்த்தாள், ஒரு முறை தர்மனைப் பார்த்தாள். உபதேசியார் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கேட்டேன்னா சரி மாப்ளே. நான் போயி ஐயராண்ட சொல்றேன். உள்ளயே வெக்கலாம், கிருபை பக்கத்துலயே."

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது, இரண்டு பேர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் தம்பியை இறக்கினார்கள். ஐயர் மூன்று பெயரும் சொல்லி மண் போட்டார். தர்மனும் போட்டான். வேலிக்கு வெளியே பள்ளம் முழுக்கத் தண்ணீர் நின்று மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது தான் செய்தது சரி என்றுதான் அவனுக்குத் தோன்றியது. என்னைக் கேட்டால் நானும் அன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் அலமு கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் தொடவில்லை. தறியில் அரைச்சேலை அப்படியே நின்றது. தர்மன் குழியோரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு வாயி குடி வடிவு."

"நீ ஏன்யா அப்படிச் சொன்ன?"

"எத?"

"வாசல்ல நின்னு கேட்டேன்னு."

"அவன் வெளியில தண்ணியில கெடக்கறத நீ தாங்க மாட்ட. உனக்கோசரம்தான் சொன்னேன். நீ எப்படியும் மூணு பேரும் சொல்லியிருப்பன்னு எனக்குத் தெரியும். கேட்டேன்றது மட்டும்தான் பொய்யி. அத நான் சொமந்துக்கறேன்."

வடிவு அவனைப் பார்த்தாள். "நான் மூணு பேரும் சொல்லல."

தர்மனுக்குப் புரியவில்லை.

"ஏசு பேர்லதான் குடுத்தேன். அவரு பேர்ல மட்டும். நீ சொன்னியே, கேட்டுக் கெடைக்காதவருன்னு. எம்புள்ள மூச்சுக்கு முட்டி அழுவசொல்ல எனக்கு அவருதான் கண்ணுல நின்னாரு. உன் வார்த்தைய நம்பி அவரு கையில குடுத்தேன். இத்தினி நாளா உன்கூட சண்டை போட்டுக்கினு இருந்தேனே, அந்த ஒரு நிமிசம் உன்ன நம்பினேன். சித்தப்பா கேட்டாரு. அதைத்தான் சொல்லப் போனேன். வெளியில வெச்சா வெச்சிட்டுப் போறாங்க, தண்ணியில போனாலும் போறான், அவரு பாத்துப்பாருன்னு இருந்தேன்."

"வடிவு..."

"எம்புள்ள எந்தப் பேர்ல போச்சோ அத நீ இல்லன்னு சொல்லிட்டியேயா. ஊருக்கு முன்னால சொல்லிட்டியே."

"நான் வேணும்னா இப்பவே போயி மாமாவாண்ட உள்ளத சொல்லிடறேன்."

"சொல்லி? தோண்டி எடுத்து வெளிய வெப்பாங்களா? எம்புள்ளைய ரெண்டு தபா பொதைக்கணுமா நான்?"

தர்மன் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கிருபை போனபோது அழுததைவிடச் சத்தமாக அழுதான். வடிவு அவன் பக்கம் வரவில்லை. கஞ்சியில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்து மூடி வைத்தாள்.

துக்கம் நடந்த வீட்டார் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சபை அவர்களுக்காக எழுந்து நின்று ஜெபம் செய்யும். தர்மன் போனான். போகாமல் இருக்க முடியாது. மூன்று பெயரையும் சொல்லக் கேட்டேன் என்று சாட்சி சொன்னவன் அல்லவா? பழைய இடத்திலேயே ஆண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், ஒருவர் அவன் தோளைத் தட்டினார். ஊருக்குச் சந்தோஷம். பிள்ளையைக் கொடுத்தாவது வழிக்கு வந்தானே என்று பெரியவர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தார்கள். தர்மன் விட்ட இடத்தில் இப்போது உபதேசியார் நின்றார். துண்டு துண்டாகச் சொன்னார், சபை திருப்பிச் சொன்னது. குமாரனும் பிதாவோடு சமமான தேவன் என்று வரும் இடம் வந்ததும் உபதேசியாரின் குரல் லேசாகத் தடுக்கிற்று. கண் தன்னாலேயே தர்மன் பக்கம் போயிற்று.

தர்மன் சொன்னான். அந்த வெண்கலக் குரல் மற்ற குரல்களுக்கு மேலே கேட்டது. சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் பார்த்தான்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வடிவு நின்றிருந்தாள். ஜன்னல் வழியாகக் கொடுக்காப்புளி வேலியும் அதற்கு உள்ளே இரண்டு மேடுகளும் தெரிந்தன. அவளைச் சுற்றி எல்லாப் பெண்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.